நல்லி எலும்பில் ஒரு போர்க்கப்பல்

இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைகளுக்குள் நிற்கும் சில கப்பல்களை முதன்முறை பார்ப்பவர்கள் தந்தத்தில் செய்தவை என்றே நினைப்பார்கள். வெளிர் மஞ்சள் பலகைகள், மூன்று பாய்மரங்கள், அடுக்கடுக்காகப் பீரங்கி வாய்கள், முகப்பில் சின்னஞ்சிறு சிற்பம். குனிந்து உற்றுப் பார்த்தால் பலகைகளில் ஊசிமுனை அளவுக்குக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். உயிர் இருந்த காலத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடிய வழிகள் அவை. தந்தத்தில் அப்படி இருக்காது. அதன் குறுக்குவெட்டில் வலைபோலப் பின்னிய வரிகள்தான் தெரியும். இந்தக் கப்பல்கள் எலும்பால் ஆனவை. இருநூறு ஆண்டுகளுக்கு முன், நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகள், தங்களுக்கு வந்த இறைச்சியில் எஞ்சிய எலும்பைக் கொண்டு கட்டியவை.

பேழைக்கு முன்னால் நிற்கும் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "அடேயப்பா, எவ்வளவு பொறுமை!" சிறையில் வேறு வேலை ஏது, பொழுது போக வேண்டாமா என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டு போதவில்லை. மாதிரிக் கப்பல் கட்டுவது என் நெடுநாள் பழக்கம். சென்னை திரும்பியதும் எலும்பிலேயே இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் ஒன்றைக் கட்டத் தொடங்கினேன். கட்டி முடித்த பிறகு, அந்தக் கைதிகளைப் பற்றி இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் அவர்கள் இருந்த இடம். பீட்டர்பரோவுக்கு அருகே நார்மன் கிராஸ் என்ற ஊரில், 1796-97இல் சில மாதங்களுக்குள் மரக் கட்டடங்களை எழுப்பி ஒரு முகாம் அமைத்தார்கள். போர்க் கைதிகளுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய முகாம்களில் அதுவே முதலாவது என்கிறார்கள். கடலிலிருந்து விலகிய இடம் என்பதால் தப்பி ஓடுவது கடினம். லண்டனிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையின் ஓரம் என்பதால் உணவும் காவல் படையும் கொண்டுவருவது எளிது. துறைமுகத்தில் இறக்கிய கைதிகளை ஆற்று வழியே படகுகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கூட்டம் மிகுந்த காலங்களில் 6,000 பேருக்கு மேல் அங்கே அடைபட்டிருந்தார்கள். அன்றைய பீட்டர்பரோ நகரத்தின் மக்கள்தொகையைவிட இது அதிகம்.

முந்தைய போர்களில் கைதிகளை இரு தரப்பும் மாற்றிக்கொள்வது வழக்கம். பிடிபட்ட மாலுமி சில மாதங்களில் ஊர் போய்ச் சேர்வான். 1803இல் மீண்டும் போர் மூண்டபோது அந்த ஏற்பாடு ஏறத்தாழ நின்றுபோனது. அதிகாரிகள் தப்பிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஊர்களில் வாடகை வீடுகளில் தங்கலாம். சாதாரண மாலுமிக்கும் சிப்பாய்க்கும் வேலிக்குள்தான் வாழ்க்கை. பத்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே கிடந்தவர்களும் உண்டு. 1814இல் சமாதானம் வந்து கதவு திறக்கும் வரை நார்மன் கிராஸில் ஏறத்தாழ 1,770 பேர் இறந்தார்கள். 1800-01இல் பரவிய காய்ச்சல் மட்டுமே அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது.

அந்த வேலிக்குள் ஒரு சந்தை நடந்தது என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. கைதிகள் செய்த பொருள்களை வெளியாட்கள் வந்து வாங்கிப் போக அனுமதி இருந்தது. டாமினோ கட்டைகள், சீட்டாட்டப் பெட்டிகள், கைப்பிடியைச் சுற்றினால் நூல் நூற்கும் பெண் பொம்மை, கத்தி இறங்கும் கில்லட்டின் மாதிரி, வைக்கோல் இழையை வண்ணம் வண்ணமாக ஒட்டிய பேழைகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கப்பல்கள். வைக்கோலைப் பின்னித் தொப்பிக்காரர்களுக்கு விற்பதை மட்டும் அதிகாரிகள் தடை செய்தார்கள். சுற்றுப்புறக் கிராமங்களின் ஏழைகளுக்கு அந்தப் பின்னல்தான் பிழைப்பு. தடை போடும் அளவுக்குக் கைதிகளின் உற்பத்தி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு யாரும் தடை போடுவதில்லை, தொழிலுக்குத்தான் போடுவார்கள்.

இனி எலும்பு. வண்ணாரப்பேட்டையில் எனக்குப் பழக்கமான மாட்டிறைச்சிக் கடைக்குப் போனேன்.

"சூப்புக்கா சார்? துண்டு போட்டுத் தரட்டா?" என்றார் கடைக்கார பாய்.

"வேணாம் பாய். முழு எலும்பா குடுங்க. முட்டிக்குக் கீழே நேரா இருக்குமே, அது."

எதற்கு என்று கேட்டார். கப்பல் கட்ட என்றேன். அவர் சிரிக்கவில்லை. குவியலில் துழாவி, வளைவில்லாதவற்றைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். "இது வயசான மாடு சார், கெட்டியா நிக்கும். இது கன்னு, உங்க வேலைக்கு ஆகாது." ஒரு நல்லி எலும்பைக் கையில் வாங்கியதும் அதன் வயதைச் சொல்லும் அறிவு என் புத்தகங்கள் எதிலும் இல்லை.

எலும்பைப் பக்குவப்படுத்துவதற்குத் தனி ஒழுங்கு உண்டு. முதலில் சதையையும் மஜ்ஜையையும் நீக்கி, கொதி தாண்டாத சுடுநீரில் வைக்க வேண்டும். தளதளவென்று நெடுநேரம் கொதித்தால் எலும்பைப் பிணைத்து வைத்திருக்கும் புரதம் கரைந்து, சுண்ணாம்புக் கட்டிபோல உதிரத் தொடங்கும். பிறகு சலவைத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரை மாற்றி மாற்றிக் கொழுப்பை வெளியேற்ற வேண்டும். கொழுப்பு உள்ளே தங்கினால் சில மாதங்கள் கழித்து மஞ்சள் திட்டாகத் தலைகாட்டும். கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தால் வெளுப்பு வரும். துணி வெளுக்கும் குளோரின் திரவம் கூடாது. அது எலும்பையே அரித்துவிடும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். எலும்புத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். உலர்வாக அறுத்தால் வாள் சூட்டில் கிளம்பும் வாடை, பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்த வாடைதான்.

பலகை அறுக்க உட்கார்ந்தபோதுதான் எலும்பு தன் சட்டத்தைச் சொல்லத் தொடங்கியது. மரத்தைப்போல அதற்கும் நீளவாக்கில் ஓட்டம் இருக்கிறது. ஓட்டத்தோடு அறுத்தால் பலகை, குறுக்கே அறுத்தால் துண்டு. ஆனால் மரத்தைப்போல நீராவியில் வளையாது. உள்ளே குழல், வெளியே உருளை. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் தட்டையான பகுதி விரல் அகலத்தைத் தாண்டாது. ஆகவே பெரிய கப்பலின் பக்கவாட்டை மூடச் சிறு சிறு பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் வளைவுக்கு ஏற்ப அரத்தால் தேய்த்து, அடுத்ததோடு இடைவெளி தெரியாமல் இழைக்க வேண்டும். பட்டையைப் பசை மட்டும் பிடித்து நிறுத்தாது. நுண்துளை போட்டு உலோக ஊசி அறைய வேண்டும். பழைய கப்பல்களின் விலாவில் வரிசை வரிசையாகத் தெரியும் புள்ளிகள் அந்த ஊசிகளின் தலைகள். உள்ளே மரத்தில் குடைந்த உடல் இருக்கும். எலும்பு அதன்மேல் போர்த்திய தோல். பருவம் மாறும்போது மரம் விரியும், சுருங்கும். எலும்பு அவ்வளவு அசையாது. பழைய கப்பல்களில் காணும் விரிசல்கள் பல இப்படி வந்தவை.

என் கப்பலுக்குக் குமிழ மரத்தில் உடல் குடைந்தேன். அடிக்கட்டையான ஏராவும் விலாச்சட்டங்களான வங்குகளும் மரத்தில்தான். பலகை அறுக்க, எங்கள் தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் போனேன். தலைமுடி மொத்தத்துக்கு இருக்கும் தன் வாளை எடுத்து, தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து, என் கையில் கொடுத்தார். "அழுத்தாதீங்க அண்ணே. வாள் தானா போகும். நீங்க எலும்பைத் திருப்புங்க, போதும்." அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி ஊசியாக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார்.

பாய்மரங்கள் நின்றதும் கயிற்று வேலை. ஒரு போர்க்கப்பலில் கயிறு என்பது அலங்காரம் அல்ல. பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்து நிறுத்தும் கயிறுகள் ஒரு வகை. பாய்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான பருமல்களை உயர்த்தித் தாழ்த்தித் திருப்பும் கயிறுகள் இன்னொரு வகை. ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி, எந்தக் கப்பி வழியாக வந்து, எந்த முளையில் முடிகிறது என்பதற்குக் காரணம் உண்டு. நான் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கட்டினேன். நார்மன் கிராஸ் கைதிகளில் பலர் மாலுமிகள்; புயலில், இருட்டில், அந்தக் கயிறுகளைத் தொட்டே அடையாளம் கண்டவர்கள். பட்டு நூலிலும் பருத்தி நூலிலும், சில கப்பல்களில் தலைமுடியிலும், அந்த வழித்தடங்களை மறுபடி ஓட்டினார்கள்.

இந்த அனுபவத்தோடு பழைய கப்பல்களின் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது புதிதாகப் பல விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அளவுகள் பெரும்பாலும் சரியாக இருக்காது: பாய்மரங்கள் உடலுக்கு மிஞ்சிய உயரம், பீரங்கிகள் தேவைக்கு மேல் பெரியவை. கைதிகளிடம் கப்பல் வரைபடம் இல்லை, நினைவிலிருந்து கட்டினார்கள். தளத்தில் நின்றவனுக்கு மரம் வானை முட்டியது. பீரங்கியோடு மல்லாடியவனுக்கு அது மலையாக இருந்தது. அந்த விகிதம் அப்படியே எலும்பில் இறங்கியிருக்கிறது. இன்னொன்று, கப்பல்களின் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் கட்டியவற்றில் பல ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களின் பெயரைத் தாங்கி, ஆங்கிலக் கொடியோடு நிற்கின்றன. டிரஃபால்கர் கடற்போரில் அவர்களைத் தோற்கடித்த 'விக்டரி'கூட அவற்றில் உண்டு. வாங்குபவன் ஆங்கிலேயன்; அவனுக்கு எது பெருமையோ அதைச் செய்தார்கள். சில கப்பல்களில் வெளியே ஒரு நூல் இருக்கும். அதை இழுத்தால் பீரங்கிகள் வரிசையாக உள்ளே போகும். விட்டால் வில் விசையில் வெளியே பாயும். வேடிக்கை பார்க்கும் சிறுவன் தன் தகப்பனை விடாமல் இழுத்துவருவதற்கு இதைவிட நல்ல வழி எது?

நினைவு, சந்தை, விசை, சிற்பம், கயிறு: இவை எல்லாம் ஒரே மனிதனின் கையில் அடங்குவது அரிது. முகாமில் எல்லாத் தொழிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கட்டாயப் படைச் சேர்ப்பு தச்சனையும் கடிகாரக்காரனையும் மீனவனையும் ஒன்றாக வாரிக்கொண்டு வந்தது. பிரான்சின் தியெப் நகரம் தந்தச் செதுக்கலுக்குப் பேர்போன துறைமுகம். அந்தக் கரையின் ஆட்களும் கைதிகளில் இருந்தார்கள். முகப்புச் சிற்பத்தின் நேர்த்தி ஒரு தரத்திலும், பக்கப் பலகையின் இழைப்பு வேறு தரத்திலும் இருக்கும் கப்பல்களைக் காணலாம். ஒருவர் அறுத்தார், ஒருவர் துளையிட்டார், ஒருவர் செதுக்கினார், ஒருவர் கயிறு கட்டினார். சமையற்கட்டில் எலும்பை ஒதுக்கி வைத்தவரும் இதில் பங்காளிதான்.

ஆகவேதான் பொறுமை என்ற பாராட்டு எனக்குக் குறைவாகப் படுகிறது. அது அவர்களைத் தனித்தனியாக மூலையில் உட்கார்த்தி, நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களாகக் காட்டுகிறது. அவர்கள் ஒரு பட்டறை நடத்தினார்கள். தொழில் பிரித்தார்கள், சந்தையின் மனம் அறிந்தார்கள், வந்த காசில் காய்கறியும் புகையிலையும் கருவிகளும் வாங்கினார்கள். தோற்ற படையின் எண்ணிக்கையாக மட்டும் தங்களை எழுதிவைத்திருந்த ஏட்டுக்கு வெளியே, தச்சராகவும் சிற்பியாகவும் மறுபடி வாழ்ந்தார்கள். 1816இல் முகாமையே பிரித்து விற்றுவிட்டார்கள். செய்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கப்பலிலும் இல்லை. சட்டியின் அடியில் கிடந்த எலும்பு மட்டும் மிஞ்சி, பீட்டர்பரோவிலும் லண்டனின் கிரீனிச் அருங்காட்சியகத்திலும் அவர்களின் கைத்திறத்துக்குச் சாட்சி சொல்கிறது.

என் கப்பல் இப்போது கூடத்தில் இருக்கிறது. பாய் வந்து பார்த்தார். எந்தப் பலகை வயசான மாடு என்று சரியாகக் காட்டினார். ஆசாரி ஊசிகளின் வரிசையைக் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வரிசை போட்டிருக்கலாம் அண்ணே, பிடிப்பு நல்லா இருக்கும்" என்றார். அடுத்ததாக 74 பீரங்கிகள் கொண்ட இரண்டடுக்குப் போர்க்கப்பல். அதைத் தனியாகக் கட்டப் போவதில்லை. எலும்பு தேர்வு பாயிடம், ஊசியும் சிற்பமும் ஆசாரியிடம், கயிறு முழுவதும் காசிமேட்டில் வலை முடியும் ஒரு பெரியவரிடம். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பலகை அறுப்பது என் பொறுப்பு. கட்டி முடித்ததும் அதன் அடிப்பீடத்தில் நான்கு பேரின் பெயரையும் செதுக்குவோம்.