மதிலைத் தாண்டிய கடிதம்

சிறைச்சாலைக்கு மதில் எதற்கு என்று கேட்டால், உள்ளே இருப்பவன் வெளியே ஓடிவிடாதிருப்பதற்கு என்று எவரும் கூறுவர். அம்மதில் மற்றொரு வேலையையும் செய்கின்றது. உள்ளே நடப்பதை வெளியிலுள்ளோர் காணாதபடி அது மறைத்து விடுகின்றது. முதலாவது வேலை சட்டத்தினால் விதிக்கப்பட்டது. இரண்டாவதை எவரும் விதித்ததில்லை. ஆயினும் கைதியின் வாழ்வில் பெருந்துன்பங்கள் விளைவது இந்த இரண்டாவதினாலேயே.

உயர்தர வகுப்பில் அடிப்படை உரிமைகளைப் பற்றிக் கற்பிக்கும் நாள் ஆண்டுதோறும் வரும். ஆண்டுதோறும் மாணவன் ஒருவனாவது எழுந்து, "களவெடுத்தவனுக்கும் கொலை செய்தவனுக்கும் உரிமை எதற்கு, சேர்?" என்று கேட்பான், வகுப்பு சிரிக்கும். இவ்வாண்டு அக்கேள்வி எழுந்தபொழுது சிரியாதிருந்த பையன் ஒருவனைக் கண்டேன். அவன் தகப்பனார் விளக்கமறியலில் இருப்பதை நான் அறிவேன். அவனுடன் படிப்பவர்கள் அறியார். அன்று நான் வரைவிலக்கணம் எதுவும் எழுதுவிக்கவில்லை. சுனில் பத்ரா என்னும் கைதி எழுதிய கடிதத்தின் வரலாற்றைச் சொன்னேன்.

டில்லியிலுள்ள திகார் சிறையில் மரணதண்டனை விதிக்கப்பட்டு இருந்தவர் அவர். தம்மைத் தனிமைச் சிறையில் அடைத்தது முறையன்று என இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியவர். மேன்முறையீடும் கருணை மனுவும் முடிவுறும்வரை அத்தகைய கைதியைத் தனிமையில் பூட்டிவைத்தல் ஆகாது என 1978 இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு அந்நீதிமன்றத்தின் நீதியரசர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார். இம்முறை தமக்காக அன்று. வேறொரு கைதியை, அவரைக் காணவரும் உறவினரிடம் பணம் பறிக்கும் நோக்குடன் சிறைக்காவலர் ஒருவர் கொடுமையாகத் தாக்கினார் என்பதே அக்கடிதத்தின் செய்தி.

அதில் சட்டத்தரணியின் ஒப்பம் இல்லை. மனுவுக்குரிய வாசகமும் இல்லை. ஆயினும் நீதிமன்றம் அதனையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றுக்கொண்டது. சட்டத்தரணிகள் இருவரை நியமித்து, சிறைக்குள் சென்று கைதியைக் காணவும், ஆவணங்களைப் பார்வையிடவும், சாட்சிகளை விசாரிக்கவும் அதிகாரம் அளித்தது. 1979 டிசெம்பரில் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வீ. ஆர். கிருஷ்ண ஐயர். அவர் 1948 இல் ஒரு மாத காலம் தாமே சிறையிலிருந்தவர். 1957 இல் கேரள மந்திரிசபையில் சிறைச்சாலைகளுக்குப் பொறுப்பாயிருந்தவர். சிறையின் இருபுறத்தையும் கண்டறிந்தவர் எனலாம். சிறைகளில் முறைப்பாட்டுப் பெட்டிகள் வைக்கப்படல் வேண்டும், அவற்றை நீதவான்கள் திறந்து பார்த்தல் வேண்டும், கைதிகளின் உரிமைகளை அவர்கள் அறிந்த மொழியில் கைந்நூலாக்கிக் கொடுத்தல் வேண்டும் என்றெல்லாம் அத்தீர்ப்புக் கட்டளையிட்டது.

அதே 1979 இல் மற்றொரு வழக்கும் நிகழ்ந்தது. பீகார் மாநிலச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்காக வாடியோரைப் பற்றிப் பத்திரிகை ஒன்றிலே கட்டுரைகள் வெளிவந்தன. அவர்களுட் சிலர், குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் அனுபவித்திருக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் கடந்து உள்ளே இருந்தனர். அச்செய்தியையே ஆதாரமாகக் கொண்டு கபிலா ஹிங்கோராணி என்னும் பெண் சட்டத்தரணி உச்ச நீதிமன்றத்தை நாடினார். பல்லாயிரவர் விடுதலை பெற்றனர்.

நமது பாடப்புத்தகங்களில் கைதியின் உரிமை ஒரு பக்கத்திலும், அரசின் செயல்களை மக்கள் அறியும் உரிமை வேறொரு பக்கத்திலும் இருக்கின்றன. இவ்வழக்குகளைப் பார்க்குமிடத்து இரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பது புலனாகும். கடிதம் வெளியே வந்திராவிடின், கட்டுரை அச்சேறியிராவிடின், எந்த நீதியரசருக்கும் எதுவும் தெரிய வந்திராது.

அநுராதபுரத்தில் அரசு செலுத்திய எல்லாளன் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பதும், கன்றை இழந்த பசு அதனை அசைத்தது என்பதும் மகாவம்சம் கூறும் செய்தி. பசுவுக்கு அந்த மணி எட்டியது. பூட்டிய அறையில் இருப்பவனுக்கு எட்டுமா? மணியைச் சிறைக்குள்ளே கொண்டுபோய்க் கட்டியதே அந்த முறைப்பாட்டுப் பெட்டி.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. சித்திரவதை கூடாது என்கிறது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை. 2015 இல் சேர்க்கப்பட்ட 14அ உறுப்புரையும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமும் தகவலறியும் உரிமையைத் தருகின்றன. மனித உரிமைகள் ஆணைக்குழு சிறைகளின் நிலையை ஆராய்ந்து 2020 இல் அறிக்கை வெளியிட்டது. ஆயினும் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்தல் வேண்டும் என்பது 126 ஆம் உறுப்புரையின் விதி. வெளியிலிருப்பவனுக்கே ஒரு மாதம் குறுகிய காலம். மதிலுக்குள் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டுமா? 1983 யூலையில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டமைக்காக எவரும் தண்டிக்கப்பட்டதில்லை. மதில் எத்துணை மறைக்க வல்லது என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

குற்றத்தினால் துன்புற்றவர்களை மறந்துவிடலாமா என்று கேட்போர் உளர். மறத்தல் ஆகாது. தண்டனை விதிக்கப்படுவது அவர்களுக்காகவுமே. ஆனால் நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு மேலே காவலாளி சேர்க்கும் அடி எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அதனை அனுமதித்தால், தண்டிக்கும் அதிகாரம் நீதிபதியிடமிருந்து காவலாளியின் கைக்கு மாறிவிடும்.

நம் குடும்பங்களில் எவரேனும் சிறைப்பட்டால், ஊரார் அறியலாகாதென்று பேச்சையே மறைத்து விடுகின்றோம். அந்த வெட்கம் மதிலை இன்னும் உயர்த்துகின்றது. சென்று காணுங்கள், கடிதம் எழுதுங்கள். உடலில் காயம் கண்டால் திகதியைக் குறித்துவைத்து, தாமதியாது சட்டத்தரணியிடம் கூறுங்கள். தன்னை ஒருவர் தேடி வருகிறார் என்பது காவலாளிக்குத் தெரிந்திருத்தலே கைதிக்கு முதற் பாதுகாப்பு.