ஊடுவரியும் நேர்வரியும்

கண்ணாற் கண்டதை மெய்யென்று கொள்வது மக்கட்கு இயல்பு. ஆயினும் அசையும் படத்தைப் பொறுத்தவரையில், கண் காண்பது ஒன்று. கருவி தருவது பிறிதொன்று. அசையாப் படங்கள் பல விரைந்து அடுத்தடுத்து வைக்கப்பெற, கண் அவற்றைக் கோத்து ஓட்டமென்று கொள்கிறது. அப்படங்கள் எவ்வாறு வரையப்படுகின்றன என்று ஆராய்ந்தோர் நம்மிற் சிலரே. பழைய வீடியோ நாடாக்களைத் தொகுக்கும் பணியில் சில காலம் ஈடுபட நேர்ந்தமையால், அதுபற்றி யாம் அறிந்தவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

படம் வரைவதில் இரு முறைகள் உண்டு. மேலிருந்து கீழாக முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று இடையீடின்றி முழுப் படத்தையும் ஒரே வீச்சில் தருவது ஒன்று. இதனைப் புரொகிரசிவ் என்பர். யாம் நேர்வரி என்போம். ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் தந்து, இரண்டையும் பின்னி ஒரு படமாக்குவது மற்றொன்று. இதனை இன்டர்லேஸ் என்பர். யாம் ஊடுவரி என்போம். இதில் வரும் ஒவ்வோர் அரைப்படத்திற்கும் பீல்டு என்று பெயர்.

இவ்வரைப்படம் எதற்கு எனின், அதனை எம் கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு விளக்குதல் எளிது. பெரியாற்று அணையின் நீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, முல்லையாற்றின் வழியே 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலுக்குப் பாய்கிறது. நீர் குறைந்த காலத்தில் மடைகளையெல்லாம் ஒருங்கே திறப்பின் கடைமடைக்கு ஈரமும் எட்டாது. ஆகவே முறைவைத்து, இன்று இம்மடை, நாளை அம்மடை என்று நீர் விடுவர். தொலைக்காட்சி அலையும் ஒடுங்கியதொரு வாய்க்காலே. விநாடிக்கு 50 முழுப்படங்களைச் செலுத்த அதில் இடமில்லை. 25 மட்டும் செலுத்தினாலோ பழைய கண்ணாடிக் குழாய்த் திரை கண்ணை வருத்துமாறு சிமிட்டிற்று. எனவே 50 அரைப்படங்களை முறைவைத்து விட்டனர்.

ஜெர்மனியில் டெலிபங்கன் கம்பெனியைச் சார்ந்த பிரிட்ஸ் ஷ்ரோட்டர் 1930-இலும், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியைச் சார்ந்த ராண்டல் பாலர்டு 1932-இலும் இவ்வழியை வகுத்தனர். 1936 நவம்பர் 2-ஆம் நாள் லண்டனில் பி.பி.சி. நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இரு முறைகளும் நேருக்கு நேர் பொருதன. பெயர்டு என்பாரின் 240 நேர்வரிகளும் மார்க்கோனி-இ.எம்.ஐ. கம்பெனியின் 405 ஊடுவரிகளும் மாறி மாறிச் சோதிக்கப்பெற்று, 1937-இன் தொடக்கத்தில் ஊடுவரியே நிலைபெற்றது. நம் நாட்டில் 1959-இல் டில்லியிலும், 1975-இல் சென்னையிலும் தொடங்கிய தொலைக்காட்சியும் அவ்வழியதே. அதன் வரிகள் 625. அவற்றுட் படம் தாங்குவன 576. கோடைக்கானல் மலைக்கோபுரத்திலிருந்து எம் வீட்டுக் கூரைகளின் ஏரியல்கள் பற்றிக்கொண்டதும் இவ்வூடுவரிப் படமே.

நிற்க. இக்காலத்துத் தட்டைத் திரையோ எல்லா வரிகளையும் ஒருங்கே காட்டுவது. ஒரு படத்தின் இரு பாதிகளும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டன அல்ல. இடையே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழிந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை அதற்குள் நகர்வதில்லை; ஆகவே மலை தெளிவாகவே தோன்றும். கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலையின் இறக்கையோ அதற்குள் சிறிது சுழன்றுவிடும். இரு பாதிகளையும் அப்படியே பின்னினால், இறக்கையின் ஓரம் சீப்பின் பற்களைப் போலச் சிதைந்து காணும். இச்சீப்புப் பற்களை நீக்கவே, ஊடுவரியை நேர்வரியாக மாற்றும் வேலை தேவைப்படுகிறது. அவ்வேலையை எவ்வாறு செய்வது என்பதிலேயே நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன.

இதனை எமக்கு உணர்த்தியது ஒரு கும்மி. உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூரொன்றில், 2003-ஆம் ஆண்டு முளைப்பாரித் திருவிழாவில் மூதாட்டியர் ஆடிய கும்மியை ஒருவர் மினி டி.வி. நாடாவிற் பதிந்து வைத்தார். ஆடியவருள் ஒருவர் எமக்கு அத்தை முறையாவாரின் தாயார். இன்று அவர் இல்லை. அவர் அசைந்து நடமாடும் படம் அது ஒன்றே. அந்நாடாவை ஒரு கடையில் தந்து தட்டாக்கி வாங்கியிருந்தனர். அதனைப் போட்டுக் காட்டி, அத்தை எம்மிடம், “சத்தம் வருது தம்பி, ஆனா ஆத்தா கை கூடவே மாட்டேங்குது. எங்காத்தா இப்படியா கும்மி கொட்டும்?” என்று வினவினார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. தட்டாக்கியவர், சீப்புப் பற்கள் தோன்றாதிருக்க எளிய வழியொன்றைக் கைக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியை எறிந்துவிட்டார். பற்கள் மறைந்தன, உடன் அசைவிற் பாதியும் மறைந்தது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொட்ட கணங்கள் பல, எறியப்பட்ட பாதிகளில் இருந்தன. எஞ்சிய பாதிகளில் கைகள் விரிந்தே நின்றன. பேரப் பிள்ளைகள் தம் பாட்டியைத் தாளம் தவறியவராகவே கண்டு வந்தனர்.

நல்வினையாக, நாடா தகரப்பெட்டியில் இருந்தது. அதனை ஓட்டும் காமிரா ஒன்றைத் தேடிப் பெற்று, உள்ளதை உள்ளவாறே கணினிக்கு மாற்றினோம். பின்னர் ஒவ்வோர் அரைப்படத்தையும் தனித்தனி முழுப்படமாக வளர்த்து, விநாடிக்கு 50 நேர்வரிப் படங்கள் ஆக்கினோம். இல்லாத வரிகளை அருகிலுள்ள வரிகளையும் முன்பின் அரைப்படங்களையும் ஒப்புநோக்கி நிரப்பும் யாடிஃப், கியூ.டி.ஜி.எம்.சி. முதலிய நிரல்கள் இக்காலத்து விலையின்றியே கிடைக்கின்றன. அத்தை அதனைக் கண்டார்; நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “ஆத்தா மூச்சு வாங்குறதுகூடத் தெரியுதுப்பா” என்றார்.

இத்தொழிலிற் புகும் மாணவர்க்குச் சில கூறுவோம். முதலாவது, பீல்டுகளின் முறையை அறிதல் வேண்டும். மினி டி.வி. நாடாவில் கீழ்ப்பாதி முதலில் வரும். 1080 ஊடுவரிப் பதிவில் மேற்பாதி முதலில் வரும். முறை பிறழின் நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னுமாக உதறுவார். இரண்டாவது, படத்தைப் பெரிதாக்கலும் திருப்பலும் நேர்வரியாக்கிய பின்னரே செய்யத்தக்கவை. முன்னர்ச் செய்யின் இரு பாதிகளும் கலங்கிப் பிரிக்கவொண்ணாதவை ஆகும். மூன்றாவது, பழைய நாடாவும் 25 படங்கள் கொண்ட புதிய பதிவும் ஒருங்கே சேருமாயின், தொகுப்பை 50-இல் அமைக்க. புதியதன் படம் ஒவ்வொன்றும் இருமுறை தோன்றும்; அதனால் இழப்பில்லை. 25-இல் அமைப்பின் பழையதன் அசைவிற் பாதி மீண்டும் ஒழியும். கைப்பேசியில் எடுப்போர், 30-ஐ விடுத்து 25 அல்லது 50-இல் எடுப்பாராயின் பின்னர் இடர்ப்படார்.

நான்காவது, ஊடுவரிப் பதிவிலுள்ளன யாவும் ஊடுவரி அல்ல. தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-இல் இயக்கிய ‘பதினாறு வயதினிலே’ போன்ற படங்கள் விநாடிக்கு 24 முழுப்படங்களாகப் பிலிமில் எடுக்கப்பட்டவை. அத்தகைய பிலிமை நம் தொலைக்காட்சி முறைக்கு மாற்றுங்கால் 25-ஆக விரைவுபடுத்துவது வழக்கம். இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ ஐந்து நிமிடம் முன்னரே முடிந்துவிடும். அங்கே இரு பாதிகளும் ஒரே கணத்திற்குரியவை. சேர்த்து வைத்தால் போதும். நோயில்லாதவனுக்கு மருந்து கொடுப்பது போல அதன்மேல் நிரலை ஏவுதல் தெளிவைக் கெடுக்கும்.

இவை அனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. மூலத்தை ஒருபோதும் அழிக்கலாகாது. எறிந்த பாதியை எந்த நிரலும் உள்ளவாறு மீட்டுத் தாராது. இன்றுள்ள நிரலினும் சிறந்தது நாளை வருதலும் கூடும். நம் பழைய மாணவர் இல்லங்களிலும், திருமணங்களையும் ஊர்த் திருவிழாக்களையும் இக்கல்லூரி விழாக்களையும் தாங்கிய நாடாக்கள் பல உறங்குதல் கூடும். ஓட்டும் கருவிகளோ நாளுக்கு நாள் அருகி வருகின்றன. ஆதலின், அன்பர்காள், பெட்டிகளைத் திறந்து பாருங்கள். தட்டு இருக்கிறதே என்று நாடாவைக் குப்பையில் இடாதீர்கள். நீங்கள் இழக்க விரும்பாத ஒருவரது அசைவிற் பாதி அதனுள் இன்னும் இருக்கலாம்.