பத்தியமும் புள்ளிவிவரமும்

பத்தியம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு பொருள்கள் வழங்கி வருகின்றன. மருந்து வேலை செய்யும்பொருட்டு விலக்க வேண்டியதை விலக்கி, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து உண்பது ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப் போடும் பூண்டுக் குழம்பு இவ்வகையைச் சேர்ந்தது. மற்றது அகராதியில் இல்லாத பொருள். பத்தியம் தவறியதால்தான் நோய் வந்தது, தவறினால் திரும்பவும் வரும் என்று நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பொருள் அது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவிகள் சற்று ஏமாந்துபோவதைக் கண்டிருக்கிறேன். மூலிகைகளை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் உண்ணும் முறை. பசித்தபின் உண், அளவறிந்து உண், முன் உண்டது செரித்ததா என்று பார் என்பதாகவே முதல் ஏழு குறள்களில் பெரும்பாலானவை செல்கின்றன. மருத்துவன் கடைசி மூன்றில்தான் வருகிறான். உணவே மருந்து என்று மேடைக்கு மேடை நாம் பெருமை பேசுவதற்கு இந்த அதிகாரமும் ஒரு காரணம். அந்தப் பெருமைக்கு மறுபக்கம் ஒன்று உண்டென்பதை என் அக்காளுக்கு நோய் வந்தபிறகே முழுதாக உணர்ந்தேன். உணவுதான் மருந்து என்றால், நோயுற்றவள் எதையோ தவறாகத் தின்றிருக்க வேண்டும் அல்லவா?

2021இல் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் உறுதியாயிற்று. அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு, அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு ஹார்மோன் மாத்திரை என்று மருத்துவர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். பார்க்க வந்த உறவினர்கள் தங்கள் பங்குக்கு வேறொரு பட்டியலை வகுத்தார்கள். சர்க்கரை கட்டிக்குத் தீனி, பால் ஆகாது, முட்டையைத் தொடாதே, மீல் மேக்கர் பக்கமே போகாதே என்றொருவர். கோதுமைப்புல் சாறும் முள் சீத்தாப்பழமும் கொண்டுவந்தார் இன்னொருவர். சித்தி மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை, கேள்வியோடு வந்தார். "அப்படி என்னத்தடி தின்னுட்ட?" வாஞ்சையுடன்தான் கேட்டார். அன்றிரவு அக்காள் சாப்பிடவில்லை.

கீமோதெரபி நாட்களில் வாய்ப்புண்ணாலும், நாக்கில் ஏறிய உலோகச் சுவையாலும் அவள் பட்ட பாட்டில் விலக்குவதற்கு எதுவுமே மிச்சமில்லை. கஞ்சி, குழைந்த சோற்றில் மோர், சில நாள் வெறும் இளநீர். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "முட்டையும் பருப்பும் தயிரும் உள்ளே போகணும்மா, உடம்பு தாங்கினால்தானே மருந்து தாங்கும்." உறவினர் விலக்கியதில் பாதியை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சிகிச்சை முடிந்தபின் கேள்வி வேறு வடிவம் கொண்டது. இனி என்ன சாப்பிட்டால் இது திரும்பாது? இக்கேள்விக்கு விடை தேடியே ஆய்வேடுகளைப் படிக்கத் தொடங்கினேன். பாடபேதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரே வினாவுக்கு இரண்டு சுவடிகள் இரண்டு விடை தருவது நாம் அறியாததா?

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 2437 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு முதலாவது. தொடக்கநிலைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள். ஒரு பிரிவினர் உணவில் கொழுப்பைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டனர். மறுபிரிவினர் வழக்கம்போல் உண்டனர். 2006இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குத் திரும்பிய நோய், கொழுப்பைக் குறைத்தவர்களில் பத்துப் பேருக்கே திரும்பியது. தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் வேறுபாடுதான். ஆயினும் அதைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வந்தது.

அடுத்த ஆண்டே இரண்டாவது சுவடி. 3088 பெண்கள், அவர்களும் அமெரிக்கர்களே. நாள்தோறும் ஐந்து பங்கு காய்கறி, மூன்று பங்கு பழம், ஏறக்குறைய அரை லிட்டர் காய்கறிச் சாறு, 30 கிராம் நார்ச்சத்து என்று ஒரு பிரிவினர் கடுந்தவம் புரிந்தனர். ஏழாண்டுகளுக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது நோய் திரும்பியோ புதிதாகவோ வந்தவர்கள் ஒரு பக்கம் 16.7 விழுக்காடு, மறுபக்கம் 16.9. இறந்தவர்களிலும் இதேபோல் ஏறத்தாழ வேறுபாடில்லை. அரை லிட்டர் கேரட் சாற்றை ஏழாண்டு குடித்த ஒரு பெண் இந்த எண்களைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பாள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

உரையாசிரியர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். முதல் ஆய்வில் பெண்கள் எடை சற்றுக் குறைந்தனர், இரண்டாவதில் குறையவில்லை. ஆகவே காப்பது கீரையன்று, எடைக்குறைவே என்றனர் சிலர். இரண்டாவதில் இரு பிரிவினருமே தொடக்கத்திலேயே காய்கனி நன்றாக உண்டவர்கள், கூட்டிப் பயனென்ன என்றனர் வேறு சிலர். எடை என்ற உரை எனக்கும் பொருத்தமாகவே பட்டது. ஆனால் இத்தாலியில் 1500க்கும் மேற்பட்ட பெண்களிடம் மத்தியதரைக்கடல் உணவுமுறையைச் சோதித்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. அறிவுரைப்படி உண்ட பிரிவினருக்கு எடை கூடுதலாகவே குறைந்தது. நோய் திரும்புவதோ இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமாக இருந்தது. பொருத்தமான உரைக்கும் மூலத்துக்கும் எப்போதும் உடன்பாடு இருப்பதில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. புற்றுநோய் இல்லாத 48,835 பெண்களை 1993 முதல் சேர்த்து, ஒரு பிரிவினர்க்குக் கொழுப்பைக் குறைத்துக் காய்கனியும் தானியமும் கூட்டிய பேராய்வு அது. ஏறத்தாழ இருபதாண்டுத் தொடர்ச்சிக்குப் பின் 2020இல் வெளியிடப்பட்ட கணக்கில், அப்பிரிவில் மார்பகப் புற்றால் இறந்தோர் 21 விழுக்காடு குறைவு. எனவே உணவுக்குப் பங்கே இல்லை என்று கைகழுவிவிடவும் வழியில்லை.

மீல் மேக்கர் கதையையும் சொல்லிவிட வேண்டும். சோயாவில் பெண் ஹார்மோனை ஒத்த பொருள் உள்ளது, எனவே ஆகாது என்பது உறவினர் வாதம். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படி அஞ்சியவர்களே. ஷாங்காய் நகரில் நோயிலிருந்து மீண்ட 5042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவை மிகுதியாக உண்டவர்களிடையே இறப்பும் நோய் திரும்புவதும் குறைவாகவே காணப்பட்டன. சோயாதான் காத்தது என்று அதனால் நிறுவிவிட முடியாது. அதை உண்டவர்கள் வேறு வகையிலும் நலமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அஞ்சுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவ்வளவு போதும். அக்காளுக்கு மீல் மேக்கர் குருமா மிகவும் பிடிக்கும்.

இவ்வளவும் படித்தபின் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, எந்த ஆய்வும் கேட்டிராத ஒரு கேள்வி. அக்காளின் உணவுப்பழக்கம் என்று ஒன்று இருந்ததா? காலையில் எல்லோரும் போனபின் பதினொரு மணிக்கு ஆறிப்போன இட்லி. மதியம் கடைசியாக, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பைச் சோற்றால் துடைத்து ஒரு பெரும் கவளம். கூட்டும் பொரியலும் அதற்குள் தீர்ந்திருக்கும். பிள்ளைகள் மிச்சம் வைத்த வடையை எறிய மனம் வராமல் வாயில் போட்டுக்கொள்வது. இரவில் பழைய தோசை மாவு. முப்பது ஆண்டுகள் அவள் உண்டது அவள் தேர்ந்ததன்று. ஒரு குடும்பம் உண்டு முடித்ததன் எச்சம். 'என்னத்தடி தின்னுட்ட' என்ற சித்தியின் கேள்விக்கு உண்மையான விடை, 'நீங்கள் எல்லோரும் வைத்ததைத்தான்' என்பதாகவே இருக்க முடியும்.

எனவே உணவு ஆலோசகரின் அறிவுரையை, அரிசியைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுங்கள், எடை ஏறாமல் பாருங்கள், நாளும் நடங்கள் என்பதை, அக்காளிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. அத்தானையும் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசினேன். அவள் முதல் பந்தியில் அமர வேண்டும், காய் அவள் தட்டில் முதலில் விழ வேண்டும் என்று. எதிர்ப்பு அவர்களிடமிருந்து வரவில்லை, அக்காளிடமிருந்துதான் வந்தது. "எல்லாரும் பார்க்க முதல்ல உக்காந்து திங்கச் சொல்றியாடி?" என்று கூசிப்போனாள். அந்தக் கூச்சம் தணியவே ஓராண்டு பிடித்தது.

மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பரிசோதனை நாட்களுக்கு முந்தின இரவுகள் இன்றும் கடினமானவைதான். மாலையில் தேர் ஓடும் வீதிகளை ஒரு சுற்று நடந்து வருகிறாள். எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. அவள் நடந்து திரும்பும் நேரத்தில் இரவுச் சமையல் இப்போது அத்தானுடையது. ரசம் கைவந்துவிட்டதாம்; உப்புத்தான் இன்னும் ஒரு கை கூடிவிடுகிறது என்கிறாள்.