கற்பித்த பின் எழும் கணினி

2018ஆம் ஆண்டின் இறுதி விடுமுறையில், கமுந்திங்கில் உள்ள எங்கள் பள்ளிக்கு அலுவலகமொன்று கழித்துவிட்ட பத்துக் கணினிகள் நன்கொடையாக வந்தன. மகிழ்ச்சியோடு இறக்கி வைத்தோம். மின்சாரம் கொடுத்த பின்னரே தெரிந்தது, ஒன்றிலும் வட்டு இல்லை! தங்கள் கோப்புகள் வெளியே போய்விடுமே என்று கழற்றிக்கொண்டு அனுப்பியிருந்தனர். பத்து வட்டுகள் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பணமில்லை. ஜனவரிக்குள் வழி பிறக்காவிடில், அவ்வறை தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் போய்விடும் நிலை.

பினாங்கில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் கேள்வியுற்று வந்தார்.

"வட்டு இல்லாவிட்டால் என்ன சார்? கம்பி வழியாக வரவழைப்போம்."

எனக்குப் புரியவைக்க, மோட்டரோலா நிறுவனத்தின் எம்.வி.எம்.இ. 167 என்னும் பழைய கணினிப் பலகை ஒன்றையும் கொணர்ந்திருந்தார். அதன் சில்லுக்குள் '167பக்' என்னும் பிழைதிருத்தி நிரல் நிலையாகப் பதிந்துள்ளது. வட்டின் தன்மையை அறிவிக்க 'ஐ.ஓ.டி.' என்று தட்ட வேண்டும், வலையமைப்புக்கு 'என்.ஐ.ஓ.டி.'. ஈற்றெழுத்து எதைக் குறிக்கிறது என்று வினவினேன். 'டீச்', அதாவது கற்பி என்றார்! ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றவன் இதைக் கேட்டு வாளாவிருக்க முடியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டேன்.

அப்பலகை ஒவ்வொன்றாகக் கேட்டது: உன் முகவரி என்ன, வழங்கியின் முகவரி என்ன, கொண்டுவர வேண்டிய கோப்பின் பெயர் என்ன? 'என்பிங்' கட்டளையால் வழி திறந்திருப்பதைச் சோதித்தார். பின்னர் 'என்.பி.எச்.' என்றார். அது நிரலைக் கொண்டுவரும், ஆனால் ஓட்டாது. கற்றதைப் பார்வையிட நமக்கு இடம் விடும். 'என்.பி.ஓ.' என்றாலோ உடனே ஓட்டிவிடும். எல்லாம் சரியாயிற்று. மாலையில் மழையோடு மின்சாரமும் போய்த் திரும்பியபோது, பலகை அனைத்தையும் மறந்திருந்தது. நிலைநினைவகத்தில் எழுதவா என்று அது இறுதியில் கேட்டபோது, அவசரத்தில் 'வேண்டாம்' என்றிருக்கிறார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போல் தலை சொறிந்தார்.

எங்கள் கணினிகளில் இத்தனை வினாக்கள் இல்லை. தொடக்க வரிசையில் வலையை முதலிடத்திற்கு நகர்த்தினால் போதும். கணினி தானே குரல் கொடுத்து முகவரியும் கோப்பின் பெயரும் கேட்டுப் பெறும். ஆயினும் ஏழு எழுந்தன, மூன்று எழவில்லை. அலுவலக அறையின் இணையப் பெட்டியும் முகவரி வழங்கிக்கொண்டிருந்ததே காரணம். ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள்! இரண்டையும் பிரித்து வைத்த பின் பத்தும் எழுந்தன.

வழங்கி நின்றால் பத்தும் நின்றுவிடும். தைப்பிங் வட்டாரத்து மழையை நானறிவேன். ஆகவே, பள்ளி திறக்குமுன் அதற்கொரு மின்கலப் பெட்டியை என் செலவில் வாங்கி வைத்தேன்.