பாலாற்றில் குடும்பத்தோடு நடக்கலாமா? ஒரு நீண்ட இழை

1/ "நடக்கச் சொல்றீங்க டாக்டர், எங்க நடக்கிறது?" ஆம்பூர் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு வாரத்துக்கு நாலு தடவையாவது வரும் கேள்வி இது. நியாயமான கேள்வி. பைபாஸில் லாரி. தெருவில் பைக், நாய், திறந்த சாக்கடை. மொட்டை மாடியில் எத்தனை சுற்று சுற்றுவது? என் பதில்: பாலாறு. உடனே அடுத்த கேள்வி வரும்: "அந்த ஆத்துலயா?" அதற்காகத்தான் இந்த இழை.

2/ முதலில் ஆற்றைப் பற்றி. கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, அங்கே 93 கி.மீ., ஆந்திராவில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடி, கல்பாக்கம் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்கிறது. 'ஓடி' என்பது மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே மணல்தான். தண்ணீர் மணலுக்கு அடியில் போகும்.

3/ நான் வாணியம்பாடியில் வளர்ந்தவன். கோடையில் எங்க அம்மா குடத்தோடு ஆற்றுக்குப் போய், மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்று தோண்டி, தெளிய விட்டு, சொம்பால் மொண்டு வருவாங்க. அந்தத் தண்ணியில்தான் சோறு பொங்கினோம். என் பசங்களை முதல் முறை கூட்டிட்டுப் போனப்போ சின்னவன் கேட்டது: "அப்பா, இது ஆறா, கிரவுண்டா?" அவன் மேல தப்பில்லை. அங்கே நாலு டீம் கிரிக்கெட் ஆடிட்டு இருந்தாங்க.

4/ இடையில் என்ன நடந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தோல்தான் நமக்குச் சோறு போட்டது, இன்றைக்கும் போடுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய காலம் போய் குரோம் வந்தது. வேகமும் ஏற்றுமதியும் கூடியது, உப்பும் குரோமியமும் கழிவு நீரில் சேர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தீர்ப்பை இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். 'மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது நம்ம ஆற்றை வைத்துத்தான்.

5/ அந்தத் தீர்ப்பில் இரண்டு எண்கள் உண்டு. ஒரு கிலோ தோல் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர். இந்தத் தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போனது. அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவு நீரை வெளியே விடவே கூடாது என்ற விதியும் வந்தது. ஆனாலும் 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

6/ அப்புறம் எதுக்கு டாக்டர் அங்க போகச் சொல்றீங்க?

குரோமியத்தால் உடம்புக்கு வரும் கேடு பெரும்பாலும் மூன்று வழியில் வருகிறது: குடிப்பது, தூசியாக மூச்சில் இழுப்பது, நாள் கணக்கில் தோலில் படுவது. டேனரியில் கையுறை இல்லாமல் வேலை பார்ப்பவருக்குக் கையில் வெடிப்பும் அரிப்பும் வருவது மூன்றாவது வகை. காலையில் செருப்போடு காய்ந்த மணலில் ஒரு மணி நேரம் நடப்பது வேறு கணக்கு. அதே சமயம், நிறம் மாறிய தண்ணீர், நுரை, வாடை, கொட்டி வைத்த தோல் துண்டுகள் எதைப் பார்த்தாலும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். குழந்தையை அங்கே விளையாட விடவும் வேண்டாம்.

7/ நடப்பதன் பலன் சின்னதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு தினமும் சராசரியாக 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி உட்கார்ந்து தைக்கும் பெண்களுக்கு முதுகுவலிக்கு மாத்திரை எழுதும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும். அவங்களுக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு ஞாயிறு. அதிலும் துணி துவைக்கணும்.

8/ இந்த இடத்தில் இங்கிலாந்து கதை ஒண்ணு. 1932-ல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, பணக்காரர்கள் வேட்டைக்காக மூடி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில் 'நாங்க நடப்போம்' என்று ஏறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். வாரம் பூரா ஆலைப் புகையில் இருந்தவர்கள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை நடக்க ஒரு வழி, அவ்வளவுதான். இன்று அந்த நாட்டில் தனியார் வயலுக்கு நடுவில்கூட பொதுமக்கள் நடக்கும் உரிமைப் பாதைகள் உண்டு. தேம்ஸ் நதியோரம் மட்டும் சுமார் 185 மைல் நடக்கலாம், பாட்டி பேரனோடு.

9/ நமக்கு அந்தச் சண்டை தேவையே இல்லை. ஆறு புறம்போக்கு. அப்படியென்றால் யாருக்கும் இல்லாதது என்று அர்த்தமில்லை, எல்லாருக்கும் பொது என்று அர்த்தம். நாம போகாததால்தான் அது யாருக்கும் இல்லாததாகிப் போனது.

10/ சரி, எங்கே போகலாம்? நாங்க போய்வந்த மூன்று இடம்:

பள்ளிகொண்டா. உத்தர ரங்கநாதர் கோயில் பாலாற்றின் கரையிலேயே இருக்கிறது. கோயிலைப் பார்த்துவிட்டு மணலில் ஒரு நடை. வயசானவர்களுக்கு உட்கார இடம் உண்டு.

அமிர்தி. வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ., ஜவ்வாது மலையடிவாரம். காட்டு ஓடை, நிழல், சின்ன உயிரியல் பூங்கா. குழந்தைகளோடு முதல் நடைக்கு இதைத்தான் சொல்வேன்.

குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை. பாலாற்றில் சேரும் கவுண்டன்யா ஆற்றின் மேல் கட்டியது. தண்ணீர் இருக்கும் நாளில் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் இறங்கக் கூடாது, கரையோடு சரி.

11/ இனி டாக்டர் வேலை. சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதம் காலை எட்டுக்குள் வீடு திரும்பிடணும்.

சர்க்கரை நோயாளிகள்: வெறுங்காலில் மணலில் நடக்கவே கூடாது. டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர், காலில் உணர்ச்சி குறைந்து போனதே தெரியாமல் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆற்றைக் கடந்தார். வீட்டுக்குப் போய் மகள் சொல்லித்தான் உள்ளங்கால் பூரா கொப்புளம் என்று பார்த்திருக்கிறார். ஆற இரண்டு மாதம் ஆனது. விரல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

12/ முள்: கரை முழுக்க சீமைக்கருவேலம். ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஷூ போடுங்க. ஷூ தைக்கிற ஊரில் இதையும் நான் சொல்லணுமா? குத்தினால் சோப்பு போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போ போட்டீர்கள் என்று பாருங்க.

பாம்பு: புதரில் கையை விடாதீங்க. கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடித்த கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் இருக்கலாம். 'வலிக்கல, காலையில பார்த்துக்கலாம்' என்பதுதான் ஆளைக் கொல்கிறது.

நாய்: கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்போடு 15 நிமிடம் கழுவணும், அன்றைக்கே தடுப்பூசி.

13/ பள்ளம்: மணல் அள்ளிய குழிகள். மழைக்குப் பிறகு தண்ணீர் நிரம்பி, மேலே பார்த்தால் கணுக்கால் அளவு மாதிரி தெரியும், உள்ளே ஆள் ஆழம். தேங்கிய தண்ணீரில் புண்ணோடு கால் வைத்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். அதனால் குழந்தை கை எட்டும் தூரத்தில் இருக்கணும், தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

வெள்ளம்: நம்ம ஊரில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே கர்நாடகா, ஆந்திரா பக்கம் மழை என்றால் ஆற்றில் தண்ணீர் வரும். 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வாணியம்பாடியில் பேரழிவு. அதன் நினைவுத்தூண் இன்னும் ஊரில் நிற்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எச்சரிக்கை வந்தால் பாலத்து மேலிருந்து பார்த்தால் போதும்.

14/ 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு வந்தது ஞாபகம் இருக்கா? போலீஸ் விரட்ட விரட்ட ஊரே பாலத்துக்கு வந்தது. பாட்டிகள் பூ போட்டார்கள், பாய் ஒருத்தர் பேத்தியைத் தோளில் தூக்கிக் காட்டினார். பல பிள்ளைகள் பாலாற்றில் தண்ணீரை முதல் தடவையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த ஊருக்கு ஆற்றின் மேல் ஆசை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

15/ இப்போ முக்கியமான விஷயம். ரெண்டு வருஷமாக ஞாயிறு காலையில் எட்டு பத்து குடும்பம் சேர்ந்து நடக்கிறோம். ஒரு நாள், எங்களோடு வரும் ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் கால்வாய் வாயில் தண்ணீர் நீலமாக வருவதைப் பார்த்தார். தேதி, நேரம், இடம் குறித்து, போட்டோ எடுத்து, மனு எழுதினார். மூன்றாம் நாள் ஆள் வந்து சாம்பிள் எடுத்துப் போனார்கள். முடிவு என்ன என்று இதுவரை பதில் இல்லை. வாத்தியார் மாதம் ஒரு முறை நினைவூட்டல் மனு போடுகிறார்.

16/ ஆனால் ஒண்ணு மாறியது. நாங்க நடக்கிற பக்கம் தோல் கழிவைக் கொண்டு வந்து கொட்டும் டிராக்டர் இப்போ வருவதில்லை. நாங்க யாரையும் தடுக்கவில்லை, சண்டை போடவில்லை. ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் யாரும் குப்பை கொட்ட மாட்டான். ஆள் வராத ஆறுதான் கழிவுக்கு வசதி.

17/ "புள்ளைங்கள ஆத்துப் பக்கமே விடாதீங்க" என்று சொல்லும் அம்மாக்களின் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. ஆனால் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் இருந்தால், அடுத்த தலைமுறைக்கு அந்த இடத்தின் பெயர்கூடத் தெரியாது. தெரியாத ஆற்றுக்காக எந்தப் பிள்ளை மனு எழுதும்?

18/ அதனால் வரும் ஞாயிறு: ஷூ, தொப்பி, வீட்டுத் தண்ணீர் பாட்டில், ஒரு பெரியவர். கரையோரம் அரை மணி நேரம் போதும். ஆள்காட்டிக் குருவி கத்தினால் பசங்களுக்குக் காட்டுங்க. கழிவு கொட்டியிருந்தால் போட்டோ எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்க, நகல் ஒன்று கையில் இருக்கட்டும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. ஊற்று எங்கே தோண்டினோம் என்று அவங்க கை காட்டுவாங்க.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. இரவு ஓ.பி. முடிந்ததும் பதில் போடுகிறேன்.