செவலையின் வலது மூக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. அந்தியூர்ச் சந்தையிலிருந்து செவலைக் குதிரையை நீ கூட்டி வந்த அன்று, அப்பா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதே முகத்தில், வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

ஆன்டிபயாடிக் போட்டால் நிற்கிறது, விட்டால் மறுபடி ஒழுகுகிறது என்கிறாய். மூன்று மாதமாக இப்படியென்றால் அது சளி இல்லைடா. ஒரே மூக்கில் சீழ், அதுவும் அழுகின நாற்றம். எனக்குப் பல்மேல்தான் சந்தேகம். குதிரைக்கு மேல்தாடையில் பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப்பல். பின்னால் இருக்கும் மூன்று நான்கின் வேர்கள் சைனஸ் அறையை ஒட்டியே நிற்கும். வேர் சீழ் பிடித்தால் அறையும் நிரம்பும். வடிவதற்கு இருப்பது ஒடுக்கமான ஒரு வழி. சீழ் கட்டியாகி அடியில் தங்கிவிட்டால் ஊசி மருந்தால் மட்டும் அதை வெளியேற்ற முடியாது.

பல்லைப் பார்ப்பதற்கு முன் ஒன்று. கிளாண்டர்ஸ் இல்லை என்று உறுதியாகவேண்டும். அது மனிதருக்கும் தொற்றும் நோய். ரத்த மாதிரி ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகட்டும். முடிவு வரும்வரை செவலையைத் தனியாகக் கட்டு, தண்ணீர் வாளியும் தனி. கையுறை இல்லாமல் சீழைத் தொடாதே. பிள்ளைகளைக் கிட்டே விடாதே.

பிறகு எண்டோஸ்கோப், எக்ஸ்ரே. அறைக்குள் சீழ் தேங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் கோடு போட்டதுபோல் அதன் மட்டம் தெரியும்.

அறுவை என்றதும் பயந்துபோய் எழுதியிருக்கிறாய். குதிரையைக் கீழே சாய்க்கவே வேண்டாம். மயக்கம் லேசாகக் கொடுத்தால் தலையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டே இருக்கும். நிற்கும்போது ரத்தப்போக்கும் குறைவு. அந்த இடத்தை மரக்கவைத்து, எலும்பில் சின்னத் துளை போட்டு, குழாய் வைத்து உப்புநீரால் நாள்தோறும் கழுவுவோம். சீழ் கட்டியாக இருந்தால் எலும்பை மூன்று பக்கம் அறுத்து, ஜன்னல் கதவுபோல் திறந்து வழித்தெடுத்துவிட்டு, அதே எலும்பை மூடித் தைத்துவிடலாம். முதன்முதலில் நான் அதைப் பார்த்தபோது நாற்றத்தில் நிற்க முடியவில்லை. மறுநாள் காலையில் அந்தக் குதிரை புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கெட்ட பல்லை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. விட்டால் எல்லாம் திரும்ப வரும்.

வெள்ளிக்கிழமை நானே வந்து ரத்தம் எடுக்கிறேன். படத்தில் தீவனத் தொட்டியை உயரத்தில் மாட்டியிருக்கிறாய். இன்றைக்கே கழற்றித் தரையில் வை. தலையைக் குனிந்து தின்றால் கொஞ்சமாவது வடியும்.

அன்புடன்,
அக்கா