கருமணியும் கலங்கா மனமும்

கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குவாரிகளில் வெட்டப்படும் கருங்கல், மெருகேறியபின் முகம் காட்டும் கண்ணாடியாகிவிடுகிறது. வணிகர் ‘கறுப்புக் கிரானைட்’ என விற்பதை நிலவியலார் டோலரைட் என்பர். கற்குழம்பு பழம்பாறைகளின் பிளவுகளில் புகுந்து இறுகியதே அது. அதனிடம் எவரும் நற்பலன் தேடுவதில்லை. அதே நிறத்துச் சிறுமணி மோதிரத்தில் ஏறிவிட்டாலோ, கண்ணேறு கழியும் என்று விலை பேசப்படுகிறது. ஓசூர் ஆலைகளில் உழைக்கும் பெற்றோர், மகளின் திருமணத் தடை நீங்க அத்தகைய மோதிரம் வாங்கலாமா என்று நம்மிடம் வினவுவதுண்டு.

கருமணிகள் யாவும் ஓரினம் அல்ல. ஜெட், மண்ணுள் புதைந்து கரியான மரம். அப்சிடியன், எரிமலைக் கண்ணாடி. கடைகளில் காணும் கறுப்பு ஓனிக்ஸில் பெரும்பகுதி, அகேட் கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தால் கருக்கியதே.

வரியோடிய ஓனிக்ஸை அரபியர் ‘ஜஸ்உ’ என்பர். அவ்வெழுத்துகளே ‘ஜஸஉ’ என ஒலித்தால் ஆற்றாமை எனப் பொருள்படும். ஆதலால் அது துயர் தருமெனப் பழைய மணிநூலார் சிலர் அஞ்சினர். இன்றோ துயர் நீக்குமென ஓனிக்ஸ் விற்கப்படுகிறது! ஒரே கல் இரண்டையும் செய்யுமோ?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணத்தில் தொலைத்த கழுத்துமாலை, யமன் நாட்டு ளஃபார் நகரின் ஜஸ்உ மணிகளால் ஆனதே. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்களும், நன்மையோ தீமையோ செய்யவியலாத கல் அது என்று தெளிவுறுத்தி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முத்தமிடக் கண்டமையாலேயே தாமும் முத்தமிடுவதாக உரைத்தார்கள்.

அழகுக்காகக் கருமணி அணிவதில் குற்றமில்லை. அச்சத்திற்கு விலையாக ஒரு மாத உழைப்பை ஈந்துவிட வேண்டா. அப்பொருள் மகளின் கல்விக்கு ஆகட்டும்.